எட்டு போல்ட்

பிக்கப் வாங்குகிறவர்கள் யாரும் குனிந்து பின் ஆக்சிலைப் பார்த்து வாங்குவதில்லை. நிறத்தைப் பார்ப்பார்கள், சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள், ஏர்கோன் குளிராக வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். அப்போதுதான் என் கடைக்கு வருவார்கள். அவர்கள் அப்படி இருப்பதால்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டேன், ஐயா. அதனால் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழிலேயே சொல்கிறேன். கை வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. என்னை யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை. காலையில் கடையைப் பூட்டிவிட்டு, திரிங்காப்பிலிருந்து நானே பஸ் ஏறி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பெயர் லூயிஸ். வயது ஐம்பத்தாறு. திரிங்காப்பில் வண்டி பழுதுபார்க்கும் கடை. மனைவி கரேன் இறந்து ஐந்து வருடமாகிறது. மகள் டிஃபனி சிங்கப்பூரில் நர்ஸ் வேலை செய்கிறாள். நான் இங்கே வந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் ஒரு பிக்கப் டிரெய்லரோடு சேர்ந்து பள்ளத்தில் விழுந்தது. ஓட்டிய பையன் குகனேஸ்வரன் அங்கேயே இறந்துபோனான். பக்கத்தில் இருந்த அவன் அப்பா நாகரத்தினத்துக்கு இடுப்பும் இரண்டு காலும் முறிந்தன. மழை, கூடுதல் பாரம், ஓட்டியவர் தவறு என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கும். தப்பு தங்கள் மேல்தான் என்று நாகரத்தினமே வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நாகரத்தினத்துக்கு ஆறு லோரி இருக்கிறது. திரிங்காப் காய்கறியைக் கீழே கொண்டுபோவது அவன் தொழில். போன வருடம் தோட்டத்து வேலையும் கிடைத்தது. மேல் மலைக்கு உர மூட்டை ஏற்ற வேண்டும், திரும்பும்போது கொழுந்துச் சாக்கை இறக்க வேண்டும். அந்தச் சாலையில் லோரி திரும்ப இடமில்லை. அதனால் பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டினான். பாரத்தோடு ஏறும்போது வண்டி இரண்டாம் கியரிலேயே திணறியது. இரண்டு முறை கிளட்ச் கருகியது. ஆக்சில் கியரை மாற்றிவிடு என்று என்னிடம் வந்தான்.

இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு நீளமான ஷாஃப்ட் போகிறது. அந்த வண்டியில் ஷாஃப்ட் நாலு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடியை எடுத்துவிட்டு வேறு ஜோடி போட்டால், ஷாஃப்ட் ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒன்று. வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். மலையில் பாரம் இழுக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். ஃபோர்-வீல் வண்டியில் முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் ஒரு ஆக்சில். இரண்டையும் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால், நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கவைக்கும் ஃபோர்-வீலைப் போடாதவரை ஒரு தொல்லையும் இல்லை, யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. போட்டுவிட்டால் முன் சக்கரம் வேகமாகச் சுற்றப் பார்க்கும், பின் சக்கரம் மெதுவாகச் சுற்றப் பார்க்கும். ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். காய்ந்த ரோட்டில் ஏதாவது உடையும். ஈர ரோட்டில், இறக்கத்தில், பின்னால் டிரெய்லர் தள்ளிக்கொண்டிருக்கும்போது பின் சக்கரம் பிடியை விட்டுவிடும். அதற்கப்புறம் ஸ்டேரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

பின் ஆக்சிலுக்கான பல்சக்கரம் கைக்கு வந்துவிட்டது. முன் ஆக்சிலுக்கானது வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். நாகரத்தினத்திடம் சொன்னேன். பின்னால் இப்போதே போட்டுத் தருகிறேன், முன்னால் போகிற ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடுகிறேன், அப்புறம் நீ தவறி ஃபோர்-வீல் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றேன். அவன் முப்பது வருடம் வண்டி ஓட்டியவன், புரிந்துகொண்டான். சொன்னபடியே செய்தேன். முன் ஷாஃப்டைக் கழற்றி, துடைத்து, சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். அதுவரைக்கும் ஒழுங்கான வேலை.

இனிமேல் நாகரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் என்னைக் கிறுக்கன் என்று எழுதிவிடுவீர்கள்.

நாங்கள் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இருபத்து நாலு வயதில் அவன் தோட்டத்துக் கொழுந்து லோரிக்கு டிரைவர் ஆனான், நான் அதே லோரியில் கெலிண்டான். மூட்டை ஏற்றி இறக்குவது, பின்னால் நின்று சைகை காட்டுவது, அதுதான் என் வேலை. எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஓட்ட ஆசை. தோட்டத்துக்குள் யாரும் பார்க்காத இடத்தில் அவன் எனக்கு ஸ்டேரிங்கைக் கொடுப்பான்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நான் லோரியைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை. மருதாயி என்று ஒரு பெண், கூடையை இறக்கிவைத்துவிட்டு லோரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

நாகரத்தினம் என்னைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, அவன் ஏறி உட்கார்ந்துகொண்டான். துரையும் ஆட்களும் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "உனக்கு லைசென்ஸ் இல்ல. நீ மாட்டினா வெளிய வரமாட்ட. நான்னா ஆக்சிடென்டுனு போயிரும்" என்றான். அவ்வளவுதான் பேசினான். எட்டு மாதம் சிறையில் இருந்தான். தோட்ட வேலை போயிற்று. மருதாயியின் புருஷன் சிவசாமி, கோர்ட்டு வாசலில் அவன் மேல் மண்ணை வாரித் தூற்றினான். நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்து நாலு வருடம், ஐயா. அவன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபத்தில் பேசியதில்லை, விளையாட்டாகவும் பேசியதில்லை, குடித்திருக்கும்போதுகூடப் பேசியதில்லை. நீங்கள் இதை நல்ல குணம் என்று நினைப்பீர்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

சிறையிலிருந்து வந்து, காய்கறி லோரியில் கூலிக்குப் போய், அவனே லோரி வைத்து, பெரிய ஆளானான். நான் வொர்க்‌ஷாப் வேலை கற்றுக் கடை போட்டேன். திரிங்காப் லோரிக்காரர்களையெல்லாம் என் கடைக்கு அனுப்பினவன் அவன்தான். கரேன் படுக்கையில் இருந்த நாலு மாதமும் வாரத்துக்கு மூன்று தடவை என்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவளை அடக்கம் செய்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். கோயிலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குள் வந்து கடைசி பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆட்களெல்லாம், இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். நான் ஆமாம் என்றேன்.

எங்கே சேர்ந்து போனாலும் சாவியை என் கையில்தான் கொடுப்பான். "நீ ஓட்டுலா, எனக்குக் கால் வலிக்குது" என்பான். ஒவ்வொரு முறை ரிவர்ஸ் எடுக்கும்போதும் அவன் திரும்பிப் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருப்பான். என்னை நம்புகிறானாம். அந்த நம்பிக்கையை எனக்குக் காட்டுகிறானாம். ஒரே ஒரு தடவை, பார்த்து எடு, ஏற்கனவே ஒருத்தியைக் கொன்றவன்தானே நீ என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது வண்டி விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பின் ஆக்சில் வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டேன். பதினொரு மணி வாக்கில் குகனேஸ்வரன் வந்தான். இருபத்தேழு வயது. நல்ல பையன், எனக்கு அவன் மேல் ஒரு வருத்தமும் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். அப்பா வங்கிக்குப் போயிருக்கிறார், ஒரு மணி நேரத்தில் வருவார் என்றான். டயர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்.

"அங்கிள், அப்பா முந்தி ஒரு பொம்பளைய லோரியில இடிச்சுக் கொன்னுட்டாராமே. நீங்க கூட இருந்தீங்கதானே?"

எங்கே கேள்விப்பட்டாய் என்றேன். பெண் பார்த்த இடத்தில் என்றான். தானா ராத்தாவில் டீச்சர் வேலை செய்யும் பெண், பெயர் தனுஜா. இரண்டு பேருக்கும் பிடித்திருந்ததாம். எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் பெண்ணின் பெரியம்மா வந்தாளாம். அவள் மருதாயிக்குத் தங்கை மகள். கொலைகாரன் வீட்டில் பெண் கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். இவன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டிருக்கிறான். நாகரத்தினம், ஆமாம், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லியிருக்கிறான். பெற்ற பிள்ளையிடம்.

நான் கை துடைத்துக்கொண்டே, அது ஆக்சிடென்ட், உங்கப்பா மேல் தப்பே கிடையாது என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பையனுக்கு முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சொன்னா போதும் அங்கிள். உங்ககிட்ட கேக்கவே கூடாதுனு அப்பா சொன்னாரு. லூயிஸ் மனசு கஷ்டப்படும், அவன்கிட்ட அதப் பத்தி வாயே திறக்காதன்னாரு."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு எதிர்க்கடையில் சாப்பிடப் போனான். எனக்கும் ஏதாவது வாங்கி வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

என் மனசு கஷ்டப்படுமாம். பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகிறது, பிள்ளை தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், அதுவெல்லாம் போகட்டும், லூயிஸ் மனசு கஷ்டப்படக் கூடாது. எனக்காகத் தன் வீட்டையே எரிக்கச் சொல்லி யார் அவனிடம் கேட்டது? நான் கேட்டேனா? கொட்டகையிலும் நான் கேட்கவில்லை. என்னை இழுத்துக் கீழே விட்டது அவன்தான்.

சுவரோரம் இருந்த முன் ஷாஃப்டை எடுத்தேன். வண்டிக்கு அடியில் படுத்து அதைத் திரும்பப் பூட்டினேன். இந்தப் பக்கம் நாலு போல்ட், அந்தப் பக்கம் நாலு. மொத்தம் எட்டு. கால் மணி நேர வேலை. என் பழக்கம், முறுக்கி முடித்த போல்டின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடுவேன். வண்டி இன்னும் உங்கள் பின் மைதானத்தில்தான் கிடக்கிறது. ஆளைப் படுக்கவைத்து அடியில் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மஞ்சள் கோடும் இருக்கும். மறந்துபோய் ஷாஃப்டைக் கழற்றாமல் விட்டேன் என்று யாராவது எனக்காகச் சொன்னால், அந்தக் கோடு அதைப் பொய்யாக்கிவிடும்.

நாகரத்தினம் வந்தான். மூன்று பேரும் டிரெய்லரை மாட்டி, பாரத்தோடு கடைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். வண்டி அலுங்காமல் ஏறியது. நாகரத்தினம் சிறுபிள்ளை மாதிரி சிரித்தான், நம்ம வண்டி மாதிரியே இல்லை என்றான். என் தோளைத் தட்டினான். அப்போது மணி ஒன்றே முக்கால். மலைக்கு மேல் மேகம் கறுத்துவிட்டிருந்தது. இங்கே எல்லா நாளும் மதியத்துக்கு மேல் அப்படித்தான்.

குகன் ஸ்டேரிங்கில் உட்கார்ந்தான். அவன்தான் ஓட்டப்போகிறான் என்று எனக்கு அப்போது தெரியும். அதைத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்துக் குனிந்து அவனிடம் சொன்னேன்.

"இறங்கும்போது மழை பெஞ்சா ஃபோர்-வீல் போட்டுக்க தம்பி. பிடிமானம் இருக்கும்."

அவன் சரி அங்கிள் என்றான். நாகரத்தினம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நொடி என்னைப் பார்த்தான். முன் ஆக்சில் சாமானும் வந்துவிட்டதா என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. உர மூட்டையை இறக்க, கொழுந்துச் சாக்கை ஏற்ற, எப்படியும் நாலு மணி ஆகும். அதுவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது. வேறு ஒரு வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். அது முடிந்ததும் இன்னொரு வண்டியின் பிரேக்கைப் பார்த்தேன். நாலே முக்காலுக்கு ஒரு தோட்டத்து ஆள் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்து விஷயத்தைச் சொன்னான். மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவே இல்லை, நேராகப் போய்விட்டது என்றான். தேயிலைச் செடிக்கு நடுவில் கொழுந்து சிதறிக் கிடக்கிறது என்றான்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். மூன்று வாரமாக நானும் அதைத்தான் யோசிக்கிறேன். நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டி எங்கேயாவது முட்டி நிற்கும், நாகரத்தினம் திரும்பி வருவான், என் சட்டையைப் பிடிப்பான், என்னடா வேலை பார்த்திருக்கிறாய் என்று கத்துவான். முப்பத்து நாலு வருடத்துக் கோபத்தையும் சேர்த்துக் கத்துவான். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சமமாக இருப்போம். அதற்கு ஒரு பள்ளமும் ஈர ரோட்டும் ஒன்றரை டன் டிரெய்லரும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சாலை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே முட்டி நிற்க எதுவும் கிடையாது.

பையனின் உடலை எரித்த ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகரத்தினம் கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தான். மொட்டை அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னான். அறையில் வேறு யாருமில்லை.

"முன்னாடி சாமானும் வந்துருச்சு போலனு நெனச்சேன்" என்றான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"போலீஸ்ல சொல்லிட்டேன். நீ ஃபோர்-வீலத் தொடாதனு சொல்லி அனுப்பின, நான்தான் மறந்துபோயி அவனப் போடச் சொன்னேன்னு."

"நான் அப்படிச் சொல்லல, நாகா."

"தெரியும்."

கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். "அவன் போயிட்டான். உன்னையும் உள்ள அனுப்பிட்டு நான் என்னலா செய்யப்போறேன்."

திட்டு என்று சொன்னேன். அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மருதாயி பெயரைச் சொல்லித் திட்டு, குகன் பெயரைச் சொல்லித் திட்டு, காறித் துப்பு என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. இரண்டு கையிலும் மருந்துக் குழாய் ஏற்றியிருந்தார்கள், துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை அவனால். நான் துடைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போ என்றான். அதையும் மெதுவாகத்தான் சொன்னான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை அவனை நல்லவனாக இருக்க விடக் கூடாது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு, முன் ஷாஃப்டைத் தெரிந்தே பூட்டினவன் லூயிஸ். மழையில் ஃபோர்-வீல் போடச் சொன்னவன் லூயிஸ். நாகரத்தினம் உங்களிடம் சொன்னது பொய். முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் கொட்டகையில் லோரியைப் பின்னால் எடுத்தவனும் லூயிஸ். அப்போது அவன் சொன்னதும் பொய். இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். சிவசாமி செத்துப்போய்விட்டான், ஆனால் அந்தக் குடும்பத்து ஆட்கள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அந்த டீச்சர் பெண் வீட்டுக்கும் போக வேண்டும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

நன்றாக யோசித்துப் பாருங்கள், ஐயா. நாகரத்தினத்தின் பெயரில் இனி ஒரு கறையும் கிடையாது. அவன் பெண்டாட்டி செய்யவில்லை, பிள்ளை செய்யவில்லை, நான்தான் செய்து கொடுத்திருக்கிறேன். இதற்காவது அவன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும்.